தாள் பிடிக்கும் ஆள்

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா?

இந்த ஆண்டு முழுவதும் வீட்டில் நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக, ஒன்று விடாமல் உங்களுக்கு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். என் கட்டுரைகளில் கற்பனை அதிகம், கண்ணால் பார்த்தது குறைவு என்று மொழி ஆசிரியை சிவப்பு மையில் எழுதிவிட்டார். அதற்கு இது பயிற்சி. தொலைபேசியில் பேசலாமே என்றார் அம்மா. எடுப்பது அப்பா என்றால் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் செய்தி. அப்பா பின்பக்கக் கொட்டகையைத் திறந்து மாமா உங்களை ஏற்றிக்கொண்டு சுற்றிய மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். மாமா இறந்தபோது ஏரியிலிருந்து தூக்கி வந்த நாள் முதல் சாக்கு போர்த்திக் கிடந்ததே, அதேதான். வண்டியின் கூட்டை முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். எஞ்சின் மட்டும் தனியாக மேசைமேல் இருக்கிறது. கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய போர்வையில் வைக்கிறார். போர்வையைத் தாண்டக்கூடாது. சுற்றித்தான் போக வேண்டும்.

"இனிமே விருந்தாளி வந்தா சிலிண்டர் மேலதான் உக்கார வைக்கணும்" என்றார் அம்மா.

"உன் தம்பி வந்தா கண்டிப்பா அங்கதான்" என்றார் அப்பா.

இன்னொன்றும் எழுத வேண்டும். முன்விளக்கின் சுவிட்ச் எரியும் பக்கம் திரும்பியபடியே துருப்பிடித்து இறுகியிருக்கிறது. நான் விளையாட்டாகக் கை வைத்தேன். "அதத் தொடாத!" என்று அப்பா கத்திவிட்டார். என்னிடம் அவர் கத்தியதே கிடையாது. பிறகு மெதுவாக, "மழைன்னு அன்னைக்கு மாமா போட்டது. இடுக்கி வச்சுத் திருப்பினா ஒடஞ்சுதான் போகும். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்

&nbsp;

ஜூன் 27

என் செல்ல நிருபருக்கு,

அத்தையின் முத்தங்கள். இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து தினமும் கடைக்குப் போய் வருகின்றன.

கண்ணாடிக் கடையில் நேற்று ஒரு பெரியவர் வந்தார். போன வாரம்தான் புதுக் கண்ணாடி வாங்கினார். "இதப் போட்டதும் என் பொண்டாட்டிக்குத் திடீர்னு வயசாயிடுச்சும்மா. வேற குடுங்க" என்றார். சிரிப்பை அடக்க நான் உள்ளறைக்குப் போய்விட்டேன்.

புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படிக்காதே. அம்மாவுக்கு இரவுப் பணியா, மாலைப் பணியா? இருமல் போய்விட்டதா?

எல்லாம் எழுது. வண்டியைப் பற்றி மட்டும் வேண்டாம்.

அத்தை

&nbsp;

ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்கு மருத்துவமனையில் இப்போது மாலைப் பணி. இருமல் போய்விட்டது.

ஒன்று விடாமல் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். நீங்களோ ஒன்றை விடச் சொல்கிறீர்கள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டியைப் பற்றியதைத் தனித் தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். விருப்பமில்லை என்றால் பிரிக்க வேண்டாம். பள்ளியில் அறிவியலில் முதல் மதிப்பெண். விளையாட்டில் வழக்கம்போலக் கடைசி.

உங்கள் அன்பு மருமகள்

(தனித் தாள்)

பிஸ்டன் இறங்கி ஏற ஏற, கீழே சக்கரம் சுற்றும். இரண்டையும் இணைப்பது ஒரு தடித்த இரும்புத் தண்டு. கனெக்டிங் ராடு என்பார்கள். மாமா வண்டியில் அது லேசாக வளைந்திருந்தது. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாள் தன்னுடைய பட்டறை மேஸ்திரியை அழைத்து வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நின்னுபோன எஞ்சின் தண்ணியில விழுந்தா துருதான் பிடிக்கும், ராடு வளையாது. ஓடிக்கிட்டு இருக்கும்போது தண்ணியக் குடிச்சாத்தான் இப்படி ஆகும். ஏரிக்கரைமேல இது இறுகல, நிக்கல. கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கு. உன் வேலைல பழுது இல்லப்பா."

மாமா போன அன்றைக்கு எஞ்சின் நடுவழியில் இறுகியதால்தான் வண்டி சறுக்கி ஏரியில் விழுந்தது என்றும், அது அப்பா பழுது பார்த்த வண்டி என்றும் நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்னீர்களாம். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா சொல்லித்தான் தெரியும்.

"இத உங்க தங்கச்சிக்கு எழுதுங்க" என்றார் அம்மா. "அவ கேக்கட்டும்" என்றார் அப்பா.

நீங்கள் கேட்கவில்லை. நானே எழுதிவிட்டேன்.

&nbsp;

ஆகஸ்ட் 11

என் நிருபருக்கு,

நலமாக இருக்கிறேன். அறிவியலில் முதலாவது வந்ததற்கு உனக்கொரு நல்ல பேனா அனுப்புகிறேன், மையைச் சட்டையில் சிந்தாதே. ஓடவும் பழகு. வாழ்க்கையில் எப்போதாவது பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இங்கே வெயில் போதும் போதும் என்றாகிவிட்டது. கடையில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். எல்லாக் கண்ணாடியையும் தான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விற்பாள்.

மேஸ்திரி நிச்சயமாகச் சொன்னாரா?

அத்தை

&nbsp;

ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தைக்கு,

பேனா வந்தது. இதை அதில்தான் எழுதுகிறேன். உங்கள் உடல்நலம் எப்படி? மேஸ்திரி நிச்சயமாகச் சொன்னார். இரண்டு முறை கேட்டேன், "என்ன பாப்பா, போலீஸ் விசாரணையா?" என்றார்.

இனித் தனித் தாள் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா புது ராடு போட்டு, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனோடு எஞ்சினை மூடிவிட்டார். அடியில் புது எண்ணெய் ஊற்றினார். அடுத்த நாள் ஏதோ சந்தேகம் வந்து அடித் திருகைத் திறந்தபோது, எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தது. ஒரு உள்ளங்கை அளவு இருக்கும். பாசி வாசனை. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து மூடியவர் அப்பாதான். திரும்பவும் காயவைத்தார். திரும்பவும் வந்தது. "ஈரக் காத்து" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து டைமிங் வைக்கும் வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் முறைப்படி எழுதுகிறேன். எஞ்சினுக்குள் பாயிண்ட் என்று இரண்டு சின்ன உலோக முனைகள். அவை பிரியும் கணத்தில்தான் தீப்பொறி. பிரிவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நடுவில் மெல்லிய தாளைச் செருகி, ஒருவர் எஞ்சின் பக்கச் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற, மற்றவர் தாளை லேசாக இழுத்துப் பிடிப்பார். தாள் கையோடு வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே மெல்லிய தாள் வேண்டும் என்றார் அப்பா. என் அகராதியின் கடைசி வெற்றுப் பக்கத்தைக் கொடுத்தேன். மனம் வலித்தது.

"நான் பிடிக்கட்டுமாப்பா?"

"நீ போய்ப் படி."

நான் உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சக்கரம் மெல்லச் சுற்றும் ஒலி கேட்டது. அப்புறம் ஒரு ஆண் குரல், "ஆச்சு மச்சான்" என்றது. மேஸ்திரி வந்துவிட்டார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அப்பா மட்டும்தான் இருந்தார். அவருடைய இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்தன. தாள் பாயிண்டை விட்டு வெளியே வந்து, விழாமல், விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததும் விழுந்தது.

"யாருப்பா பேசினது?"

"யாரும் இல்லையே."

தாள் பிடிக்கும் பக்கத்துத் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது. இது கற்பனை இல்லை, அத்தை. துடைத்தவள் நான்.

உங்கள் அன்பு மருமகள்

&nbsp;

செப்டம்பர் 2

கண்ணே,

சொல்வதற்கு முன்னால் பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் ஒலி கேட்டதா? சூடான காபியை உறிஞ்சுவதுபோல?

எந்த வேலை முடிந்தாலும் உன் மாமா அப்படித்தான் சொல்வார். உன் அப்பாவிடம் "ஆச்சு மச்சான்". என்னிடம் "ஆச்சு, கண்ணாடி". எனக்கு அவர் வைத்த பெயர் அது.

உடனே பதில் எழுது.

&nbsp;

செப்டம்பர் 18

அன்புள்ள அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்கள் நலம் விசாரிக்காமல் எழுதிய முதல் கடிதம் அது. நாங்கள் நலம்தான். கேட்டதற்குச் சரியான பதில் வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தேன்.

ஆமாம். மூச்சை இழுக்கும் ஒலி கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அடம்பிடித்துத் தாளைப் பிடித்தேன். அப்பா சுற்றினார். தாள் என் விரலோடு நழுவியது. நான் வாயைத் திறப்பதற்குள், என் காதுக்குப் பின்னால் அந்த உறிஞ்சல். அப்புறம், "ஆச்சு மச்சான்." கனிவான குரல்தான். ஆனால் நான் பயந்தேன். கையை வெடுக்கென்று இழுத்ததில் தாள் கிழிந்துவிட்டது. என் சட்டையின் கழுத்துப்பட்டை பின்பக்கம் நனைந்திருந்தது. அப்பா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "சரிடா மாப்ள" என்று சொல்லிவிட்டுத் திருகை முடுக்கினார்.

இதைவிடப் பெரிய செய்தி இன்னும் இருக்கிறது. டைமிங் எப்போதோ சரியாகிவிட்டது. வாரக்கணக்காக அப்பா ஏன் திரும்பத் திரும்ப வைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நேற்றுக் கதவிடுக்கில் பார்த்தேன். எல்லாம் முடித்து, எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துவிட்டு, திருப்புளியால் பாயிண்டைக் கொஞ்சம் நகர்த்தினார். வேண்டுமென்றே கெடுத்தார். நாளைக்கும் வேலை இருக்க வேண்டும் என்பதற்காக.

நான் உள்ளே போய்க் கேட்டேன். திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அப்புறம் சொன்னார்:

"வண்டி ஓட ஆரம்பிச்சிட்டா அவனுக்கு இங்க என்ன வேலை இருக்கு? போயிடுவான்ல."

அப்பா இளைத்துவிட்டார், அத்தை. பட்டறையிலிருந்து வந்ததும் நேரே முன்னறைதான். சோற்றை அங்கேயே கொண்டு வரச் சொல்கிறார். மேஸ்திரி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுகிறார். இருமுகிறார். நெஞ்சில் நீர் கோத்ததுபோல இருக்கிறது என்று அம்மா காது வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்கிறார்.

"அம்மா, முன்னறைல யாரோ பேசறாங்க" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்டி. ரெண்டு பேரும் சேர்ந்தா நேரம் போறது தெரியாது, அப்பவும் இதே கதைதான்" என்றவர், திரும்பிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

அப்பா நீங்கள் சொன்னால் மட்டும்தான் கேட்பார். வாருங்கள்.

உங்கள் அன்பு மருமகள்

&nbsp;

அக்டோபர் 20

என் செல்லத்துக்கு,

நலம். நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

அடுத்த ஞாயிறு மத்தியானப் பேருந்தில் வருகிறேன். உன் அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடு. வேலையை அதற்குள் முடித்துவிட வேண்டாம் என்றும் சொல். தாளை நான் பிடிக்கிறேன்.

அத்தை

&nbsp;

நவம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

பயணம் சௌகரியமாக இருந்ததா? இடுப்பு வலி கூடியிருக்குமே.

நீங்கள் இருந்தபோது நடந்ததை உங்களுக்கே எழுதுவது விசித்திரம்தான். ஆனால் உங்களால் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வாசலில் நீங்களும் அப்பாவும் பார்த்துக்கொண்டபோது யாரும் அழவில்லை. "இளைச்சிட்டண்ணே" என்றீர்கள். "நீ குண்டாயிட்ட" என்றார் அப்பா. அம்மா சிரித்தது எனக்கு மட்டும் கேட்டது. மேசைமேலிருந்த வளைந்த ராடை எடுத்து நீங்கள் விரலால் தடவினீர்கள். "எழுதியிருக்கலாம்ல?" என்றீர்கள். "கேட்டிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடச் சண்டைக்கு இவ்வளவு சின்னப் பேச்சா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பிறகு அப்பா சக்கரத்தைப் பிடித்தார். நீங்கள் தாளைப் பிடித்தீர்கள். நான் உங்கள் எதிரில் நின்றேன்.

தாள் நழுவியதை நான் பார்த்தேன். உங்களுக்கும் தெரிந்தது, உங்கள் விரல் பின்னால் வந்தது. ஆனால் நீங்கள் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தீர்கள். அப்பாவும் உங்களையே பார்த்தபடி சுற்றிக்கொண்டே போனார். மூச்சு இழுக்கும் ஒலி இல்லை. ஒன்றும் இல்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். திரும்பவும் தாள் நழுவியது, திரும்பவும் ஒருவரும் பேசவில்லை. மூன்றாவது முறை உங்கள் முகம் தேர்வில் விடை தெரியாத பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஆச்சு!" என்று நானே சொல்லிவிட்டேன்.

சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் தாள் நழுவியது உண்மை.

அப்பா திருகை முடுக்கினார். இந்த முறை திருப்புளியைத் திரும்ப எடுக்கவில்லை. எஞ்சினைக் கூட்டில் ஏற்றி, வாசலுக்குத் தள்ளி, உதைத்ததும் மூன்றாவது உதையில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. இந்த வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும். சுவிட்ச் மாமா போட்டபடியே இருந்ததால் முன்விளக்கும் சேர்ந்து எரிந்தது. மங்கலாக, மஞ்சளாக. நீங்கள் அதன் முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள், குளிர் காய்வதுபோல. அப்பா நிறுத்தும்வரை கையை எடுக்கவில்லை.

நீங்கள் பேருந்து ஏறியபின் நான் முன்னறையைப் பெருக்கினேன். ஈரக் காலடிகள் மேசையிலிருந்து வாசல்வரை இருந்தன. வாசலிலிருந்து நீங்கள் நடந்த பக்கம் திரும்பியிருந்தன. அப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அன்பு மருமகள்

&nbsp;

டிசம்பர் 6

என் நிருபருக்கு,

நீ, அம்மா, அப்பா எல்லாரும் நலமா? அப்பாவின் இருமல் எப்படி? நான் மிக நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இடுப்பு வலி இருப்பதே மறந்துவிட்டது.

இங்கே மழை இல்லை. ஆனாலும் வாசலோரம் தரை கொஞ்சம் ஈரமாகவே இருக்கிறது. துடைப்பதை விட்டுவிட்டேன். காபிக்கு இரண்டு கோப்பை எடுத்துவைக்கிறேன், பழக்கம் விட்டுப்போயிருந்தது, இப்போது கை தானாகப் போகிறது.

நேற்றுச் சாயங்காலம் ரவிக்கை தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோர்ப்பது இந்தக் கண்ணுக்குப் பெரிய வேலை. நூல் நுழைந்த கணத்தில் யாரோ என்னைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நீ "ஆச்சு" என்று சொன்னது சரிதான், கண்ணே. கவலைப்படாதே.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. என்னைப் பார்க்க இப்போதைக்கு யாரும் வர வேண்டாம் என்றும் சொல்.

அத்தை

&nbsp;

டிசம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். அப்பா மருத்துவமனைக்குப் போனார், அம்மாவே ஊசி போட்டார், அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டது. இருமல் குறைந்துவிட்டது. உங்கள் நலத்தைப் பற்றி நான் நிறையக் கேட்க வேண்டும். உங்கள் கடிதத் தாள் நனைந்து காய்ந்ததுபோல அலையலையாக இருந்தது. பாசி வாசனை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை.

கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அங்க போயிட்டானா" என்றார். பிறகு, "சொல்லாம கொள்ளாமப் போறது அவனுக்குப் புதுசா என்ன?" என்று சிரித்தார். கோபமா, வருத்தமா, நிம்மதியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றும்தான் என்கிறார் அம்மா. அடித் திருகைத் திறந்து பார்த்தார். எண்ணெய் மட்டும்தான் வந்தது. போர்வையை மடித்து வைத்தார். முன்னறையில் இனி நேராகவே நடக்கலாம். ஆனாலும் நாங்கள் மூவரும் சுற்றித்தான் போகிறோம்.

நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் விடுமுறையில் நான் வருவேன். அப்பா அதே வண்டியில் கொண்டு வந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். பகலில்தான் வருவோம். மூன்றாவது கோப்பையும் நான்காவது கோப்பையும் எடுத்து வையுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவள் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். பயணத்துக்காக வண்டியைத் துடைக்கலாம் என்று இப்போது முன்னறைக்குப் போனேன். முன்விளக்கின் சுவிட்ச் அணைக்கும் பக்கம் திரும்பியிருக்கிறது. "நீ தொட்டியா?" என்று அப்பா கேட்டார். நான் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. இடுக்கி பெட்டியிலேயே இருந்தது. சுவிட்ச் உடையவில்லை, கீழே தரையில் துருத்தூள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, அதுவும் ஈரமாக. அப்பா அதன்மேல் விரலை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு அறையின் விளக்கையும் அணைத்துவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தார். உண்மையைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காகக் கதவை மூடுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இரண்டு விளக்குகளும் அணைக்கப்பட்டிருந்தன.